எத்தனை உள்ளீடுகள் என்பது ஆய்வுமுறை சார்ந்த கேள்வி

வீட்டிலேயே ஓர் இசைக்குழுவைப் பதிவுசெய்ய எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்று, கள ஆய்வுக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றே நம் துறைகள் கருதுகின்றன. நானும் அப்படித்தான் கருதியிருந்தேன், தில்லியில் ஒரு கவ்வாலிக் குழுவைப் பதிவுசெய்யும்வரை.

எங்கள் துறை வாங்கித் தந்தது இரண்டு மைக்குகளை மட்டுமே இணைக்கக்கூடிய சிறு இன்டர்ஃபேஸ். கூடவே, ஆண்டுச் சந்தா கட்ட வேண்டிய விலையுயர்ந்த மென்பொருள். குழுவிலோ எழுவர்: ஆர்மோனியம் வாசித்தபடி பாடும் இருவர், டோலக் வாசிப்பவர் ஒருவர், கைதட்டிப் பின்பாட்டுப் பாடுபவர் நால்வர். வேறு வழி தெரியாமல் ஒவ்வொருவராகப் பதிவுசெய்தேன். ஹெட்ஃபோனில் தாளக்கணக்குக்கு ‘கிளிக்’ ஒலி. முதலில் டோலக், அடுத்து ஆர்மோனியம், மறுநாள் குரல்கள். கிடைத்த ஒலி தூய்மையாக இருந்தது. ஆனால் அது கவ்வாலியாக இல்லை.

கவ்வாலியில் ஒரு வரியை எத்தனை முறை திரும்பப் பாடுவது, எந்த இடத்தில் வேறொரு கவிதையின் ஈரடியை இடைச்செருகுவது என்பதையெல்லாம் பாடகர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அந்தக் கணத்தில் தீர்மானிக்கிறார். ரெகுலா குரேஷி 1986-இல் வெளியிட்ட நூல் இதைத்தான் விரிவாக ஆராய்கிறது. அந்நூலை மேற்கோள் காட்டி ஆய்வு முன்வரைவு எழுதிய நானே, வரி எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதை முந்தைய நாள் பதிவான டோலக் முடிவுசெய்யும்படி ஏற்பாடு செய்திருந்தேன். முதன்மைப் பாடகர் இரண்டாம் பாட்டின் நடுவே ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார். காரணம் கேட்க எனக்குத் துணிவில்லை.

தனித்தனியே பதிவுசெய்து அடுக்குவதை நான் இழிவாகச் சொல்லவில்லை. திரையிசையும் ராக் இசையும் அம்முறையில் தமக்கென ஓர் அழகியலை உருவாக்கியுள்ளன. ஆனால் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் இசையை அப்படிப் பதிவுசெய்து, அதை நிகழ்த்துதலுக்கான சான்றாக ஆய்வேட்டில் வைப்பது தரவைத் திரிப்பதாகும். ஆகவே பணத்தை முதலில் உள்ளீடுகளுக்குச் செலவிடுங்கள். எழுவர் குழுவுக்கு எட்டு மைக் உள்ளீடுகள் போதும்: குரல் இரண்டு, ஆர்மோனியம் இரண்டு, டோலக் ஒன்று, பின்பாட்டுக்கும் கைதட்டலுக்கும் இரண்டு, அறையின் ஒலிக்கு ஒன்று.

பெட்டியின் மேல் உள்ள எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யூஎம்சி1820 ஆகியவற்றின் பெயரிலுள்ள 18-இல் நேரடியாக மைக் செருகக்கூடியவை எட்டுதான். எஞ்சியவை டிஜிட்டல் உள்ளீடுகள். இரண்டு சிறு இன்டர்ஃபேஸ்களை ஒரே மடிக்கணினியில் செருகி நான்காக்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் பலருக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. நேரம் செல்லச் செல்ல இரு பதிவுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். எட்டு உள்ளீட்டுப் பெட்டிக்குத் தனி மின்னிணைப்பு தேவை என்பதால், மின்வெட்டுள்ள பகுதிகளில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒருவரின் மைக்கில் மற்றவரின் ஒலி கசிகிறதே என்பார்கள். கசியட்டும். அவர்கள் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

மென்பொருள் விஷயத்தில் என் கருத்து இன்னும் கடுமையானது. சந்தா முடிந்த மறு ஆண்டு என் திட்டக்கோப்பைத் திறக்க முடியவில்லை. ஒலி அழியவில்லை என்பது உண்மையே. ஆனால் எஞ்சியவை ‘ஆடியோ 07-12’ போன்ற பெயர்களில் சிதறிய துண்டுகள். எது எங்கே பொருந்தும் என்ற விவரமும், நான் இட்ட குறிப்புகளும் திறவாத கோப்புக்குள் இருந்தன. பொதுப்பணத்தில் உருவாகும் தரவை வாடகை மென்பொருளுக்குள் வைக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்கள்? ரீப்பருக்குத் தனிநபர் உரிமம் 60 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். அதன் திட்டக்கோப்பை எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். ஆர்டர் கட்டற்ற மென்பொருள். இவற்றில் எதைத் தேர்ந்தாலும், வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு தடத்தையும் தொடக்கப் புள்ளியிலிருந்து முழு நீளத்துக்கு வேவ் கோப்பாக எடுத்துவைத்துவிடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். பழைய ஒலிநாடாக்களை எண்மமாக்க, உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கும் அளவும் அதுவே. எட்டுத் தடங்கள், ஒரு மணி நேரம் என்றால் ஏறத்தாழ 4 ஜிபி. ஒரு பென் டிரைவில் அடங்கும். அந்தப் பென் டிரைவின் ஒரு படி குழுவினருக்குப் போய்ச்சேர வேண்டும். அதைத் திறக்க அவர்கள் எந்தச் சந்தாவும் கட்ட வேண்டியிருக்கக்கூடாது.

அதே குழுவினர் இந்தக் குளிர்காலத்தில் மீண்டும் பாட இசைந்திருக்கிறார்கள். இம்முறை எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில், எதிரே கேட்பவர்களுடன். எட்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் ஒன்றை நண்பரிடம் இரவல் பெற்றுவிட்டேன். மைக் ஸ்டாண்டுகள் மூன்று குறைகின்றன. தில்லியில் உள்ள நண்பர்கள் எவரேனும் இரண்டு நாளுக்குத் தந்துதவினால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.