ஓடுகிற கெய்சரை ஏன் மாற்ற வேண்டும்?

ஏனாத்தூரில் மார்கழிக் குளிர் தை தாண்டி நீடித்தாலே பெரிது. அதற்காக, நன்றாக ஓடும் பழைய கெய்சரைக் கழற்றிவிட்டு ஐந்து நட்சத்திரத்துக்குத் தாவுவது வீண் செலவு. 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்றச் சுமார் 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும். கெய்சர் பழையதோ புதியதோ, இந்தக் கணக்கு அநேகமாக மாறாது. தொட்டியில் தேங்கிய சூடு எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் நட்சத்திரம் காட்டுகிறது. தேவைக்கு மட்டும் சுவிட்சைப் போட்டால் ஐந்து நட்சத்திரம் தரும் சேமிப்பில் பெரும்பங்கு கைக்காசு செலவில்லாமலே கிடைக்கும். உப்புப் படிந்தால் சுத்தம் செய்யலாம், வால்வு கெட்டால் வால்வை மாற்றலாம். தொட்டியே துருப்பிடித்து ஒழுகினால் மட்டும் தயங்காமல் புதிது வாங்குங்கள். அப்போதும், வாளிக் குளியலுக்கு 15 லிட்டர் போதாதா என்று ஒருமுறை யோசியுங்கள்.