நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது? கழுகுமலைக்கு வாருங்கள்!

"டாக்டரய்யா, போற வாரமெல்லாம் நடங்க நடங்கன்னு சொல்றீங்க. எங்கே நடக்கிறது? அதையும் நீங்களே சொல்லிருங்க!"

என் முன்னால் உட்கார்ந்து ஓர் அம்மா இப்படித்தான் கேட்டார். கோவில்பட்டியில் வீடு. ஐம்பதைத் தாண்டிய வயது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை. முழங்கால் வலி வேறு.

"வாசல்ல இறங்கினா ரோடு. ரோடு முழுக்க லாரி, ஆட்டோ. தனியா தெருவைச் சுத்தி வந்தா, 'என்னக்கா, எங்க கிளம்பிட்டிய?'ன்னு நாலு பேரு கேக்காங்க. வெக்கமா இருக்கு. மொட்டை மாடியில நடந்து பார்த்தேன். பத்து நாளு. அப்புறம் சலிச்சுப் போச்சு."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம், அந்தப் பத்து நாள்கூட நடக்காதவன் நான்!

ஆமாம், வாசகர்களே. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாட்களில், மூலிகை பார்க்கக் கிளம்பினால் பொழுது சாயும் வரை நடப்போம். கால் வலித்த ஞாபகம் இல்லை. வைத்தியம் பார்க்க உட்கார்ந்த பிறகு வீட்டிலிருந்து மருந்தகத்துக்கு ஸ்கூட்டர், மருந்தகத்திலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டர். நாற்பத்தெட்டாம் வயதில் என் ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை எல்லைக் கோட்டைத் தாண்டி நின்றது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் தலை குனிந்தேன்.

அன்று எனக்குக் கைகொடுத்தது மாத்திரை மட்டும் அல்ல. கழுகுமலை!

காரணம் இருந்தால் கால் நடக்கும்

என் அபிப்பிராயம் இதுதான். வெறும் நடை சலிக்கும். பார்ப்பதற்கு ஒன்று இருந்தால் நடை நிலைக்கும். மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறவர் மூன்றாம் சுற்றிலேயே கடிகாரத்தைப் பார்க்கிறார். திருவிழாவுக்கு நடப்பவர் எத்தனை மைல் என்று கேட்பதே இல்லை.

நம் கரிசல் காட்டில் என்ன இருக்கிறது, பொட்டல்தானே என்பீர்கள். அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள்!

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் கழுகுமலை. அடிவாரத்தில் பாறையைக் குடைந்த குகையில் கழுகாசலமூர்த்தி. அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்த முருகன் மேல்தான். பௌர்ணமிக்கு கிரிவலம் வரும் கூட்டம் தனி.

பெரும்பாலோர் அத்தோடு காரைத் திருப்பிவிடுகிறார்கள். மலை மேல் ஏறுங்கள். வெட்டுவான் கோயில் என்று ஒன்று. கல்லை அடுக்கிக் கட்டியது அல்ல. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தது. 8-ம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். வேலை முடியாமலே நின்று போயிற்று. விமானத்தில் தட்சிணாமூர்த்தியைத் தேடுங்கள். மோனத்தில் இருக்க வேண்டியவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார்!

இன்னும் கொஞ்சம் நடந்தால் சமணச் சிற்பங்கள். பாறை முகம் நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா இயக்கி. அடியில் வட்டெழுத்தில், அந்தந்த உருவத்தைச் செய்வித்தவர் பெயரும் ஊரும். அவற்றில் குரத்தியர் என்று சமணப் பெண் ஆசிரியர்களும் வருகிறார்கள். சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னால் பெண்கள் கற்று, கற்பித்து, தங்கள் பெயரைக் கல்லில் பதித்த மலை இது. இன்று நம் வீட்டுப் பெண்மணி தெருவில் தனியாக நடக்க வெட்கப்படுகிறார்!

அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "மலைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்கம்மா. கோயிலுக்குப் போற பொம்பளையை எவரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." சிரித்தார். மற்ற நாட்களில் செண்பகவல்லி அம்மன் கோயில் வரை. மாதம் ஒரு முறை கழுகுமலை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். இப்போது அவர் வந்தால் வலியைவிட வழியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்.

மலை ஏற முடியாதவர்களுக்கு எட்டயபுரம் இருக்கிறது. கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். சமதளம். 1882-ல் பாரதி பிறந்த வீடு. கல்கி முன்னின்று எழுப்பி 1947-ல் திறக்கப்பட்ட மணிமண்டபம். 1835-ல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடம். கவிதை, சங்கீதம், இரண்டு சமயம், எல்லாம் ஒரே சின்ன ஊருக்குள். அங்கே போய் ஒவ்வொன்றுக்கும் காரை ஸ்டார்ட் செய்தால் அது பாவம்!

திருநெல்வேலி சாலையில் இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவரும் 1923-ல் பிறந்த கிராமம். அதற்கும் தெற்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர்.

வழியில் காட்டுப் பக்கம் பாருங்கள். ஆவாரம்பூ, தும்பை, துத்தி, பிரண்டை, நெருஞ்சி. மானாவாரி நிலத்தில் நிலாவாரையும் பயிராகிறது. வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். நல்ல பேதி மருந்து. அதற்காகப் பறித்து வந்து தினமும் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள்! குடல் அதற்கே பழகிவிடும்.

செருப்பைக் கழற்றும் முன்…

இனி வைத்தியனாகச் சில வார்த்தைகள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர், வேண்டுதல் என்று உச்சி வெயிலில் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தார். பாதம் மரத்துப் போயிருந்ததால் சூடே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உள்ளங்கால் தோல் கொப்புளித்திருப்பதைப் பார்த்தார். ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆயிற்று. விரல் தப்பியது முருகன் புண்ணியம்.

சர்க்கரை உள்ளவர்கள் சந்நிதிக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்! சீமைக் கருவேல முள் மெல்லிய செருப்பை ஊடுருவும். கனத்த அடிப்பாகம் உள்ள ஷூ, பருத்திக் காலுறை நல்லது. வீடு திரும்பியதும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். மரத்த காலை வெந்நீரில் வைக்கவே கூடாது.

கோவில்பட்டிக்காரர் பையில் கடலை மிட்டாய் இல்லாமல் இருக்குமா! 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் ஆயிற்றே. ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால், அது உடனே கைகொடுக்காது. கடலையில் உள்ள கொழுப்பு, இனிப்பு ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்துக்குச் சீனியோ குளுக்கோஸோ தனியாக ஒரு பொட்டலம் வையுங்கள்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். ஒரு கைத்தடி, நிதானமான அடி. வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பிட்ட பின் சிறு நடை என்பது சித்த மருத்துவத்தில் பழைய பாடம். அது சர்க்கரை ஏறுவதைக் குறைக்கிறது என்று இன்றைய ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. நெஞ்சில் பாரமோ மூச்சுமுட்டலோ வந்தால் அப்படியே நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

"இந்த ஊர் வெயில்ல எவன் நடப்பான்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். சித்திரை வெயிலில் நானும் நடக்க மாட்டேன். மழை விட்ட மார்கழியிலிருந்து மாசி வரை காலை நேரம் நமக்கென்றே வாய்த்தது. ஒன்று, மழை பெய்த மறுநாள் கரிசல் மண்ணில் இறங்காதீர்கள். காலுக்கு ஒரு கிலோ ஒட்டும்!

மஞ்சள் மனிதன்

அயர்லாந்தில் விக்லோ என்று ஒரு மலைப்பாங்கான மாவட்டம். அங்கே சுமார் 130 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை. 1980-ல் திறந்தார்கள். வழி பிரியும் இடத்தில் கம்பம் நட்டு, அதில் மஞ்சள் நிறத்தில் நடக்கும் மனித உருவம். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். 6-ம் நூற்றாண்டில் தொடங்கிய துறவிகளின் மடம் ஒன்றும் அந்த வழியிலேயே வருகிறது. அவர்களிடம் இருப்பது பழைய கல்லும் ஒரு கம்பமும். நம்மிடம் கல் இருக்கிறது. கம்பம்தான் இல்லை.

கோடிக்கணக்கில் செலவு கேட்கவில்லை. எட்டயபுரத்தில் பஸ் நிலையத்திலிருந்து பாரதி வீட்டுக்கும், அங்கிருந்து தீட்சிதர் சமாதிக்கும் அம்புக்குறி. கழுகுமலையைச் சுற்றி வரும் வழியில் நிழலுக்கு வேம்பும் புங்கனும், உட்காரத் திண்ணை, குடிதண்ணீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. ஒரு காரை வாங்கும் பணத்தில் பாதி வேலை ஆகிவிடும். ஊராட்சிகளும் பள்ளிக்கூடங்களும் மனசு வைத்தால் அரசாங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

நடக்கிறவர்கள் கூடினால் கல்லுக்கும் காவல் கிடைக்கும். ஆள் வராத இடத்தில்தான் பாட்டில் உடைகிறது. பாறையில் காதலர் பெயர் ஏறுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: இந்த மலையில் எழுத வேண்டிய பெயர்களை எல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நாம் வாசித்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி, வீட்டில் ஒருவர் துணை. வெயில் ஏறும் முன் மலையடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். முதல் நாள் பாதி தூரம் போதும். மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இத்தனை நூற்றாண்டாக அங்கேயே இருக்கிறார்; அடுத்த வாரமும் இருப்பார்.