விளக்கேத்தினா மட்டும் போதுமா?

வருஷா வருஷம் மே 18-ல முள்ளிவாய்க்காலுக்காக விளக்கேத்துறோம். அதோட நிறுத்தக்கூடாதுன்னு நாங்க நினைக்கிறோம்.

மிருசுவில்ல 2000-ல 5 வயசுப் பிள்ளை உட்பட 8 தமிழரைக் கொன்ற சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு இலங்கை நீதிமன்றமே மரண தண்டனை கொடுத்தது. 2020-ல அதிபர் கோத்தபாய மன்னிச்சு விட்டுட்டார். 2023-ல கனடா ரெண்டு பேருக்குமே தடை போட்டது: உள்ளே நுழைய முடியாது, அங்கே சொத்து இருந்தா முடக்கம். 2025-ல பிரிட்டன் போட்ட தடையில தளபதிகளோட கருணாவும் உண்டு. தமிழன்னு விடலை, அதான் நியாயம்.

நம்ம மலேசியா? ஐநா தடையை மட்டும்தான் ஏற்குமாம். ஐநா பாதுகாப்பு மன்றமோ இலங்கை ஆளுங்க மேல தடையே போடலை. அப்போ இவங்க கோலாலம்பூரைச் சுத்திப் பார்க்க வரலாமா? புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேணாம். ஒருத்தரை உள்ளே விடாம திருப்பி அனுப்ப குடிநுழைவுத் துறைக்கு இப்பவே அதிகாரம் இருக்கு.

உள்துறை அமைச்சுக்கு மனு தயார். தெலுக் பங்லிமா காராங் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கையெழுத்து போட்டுட்டுப் போங்க.