வழியில் பறிபோன பொருள்

சேரமான் பெருமாள் நாயனாரின் விருந்தினராகக் கொடுங்கோளூரில் தங்கியிருந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், திருவாரூருக்குத் திரும்பப் புறப்பட்டார். தோழரைப் பிரிய மனம் வராத சேரமான், பொன்னும் மணியும் பட்டும் பொதிகளாகக் கட்டி, ஆட்களின் தலையில் ஏற்றி உடன் அனுப்பிவைத்தார். கொங்கு நாட்டில் திருமுருகன்பூண்டியை நெருங்கும்போது வேடர்கள் வழிமறித்தார்கள். வில்லும் அம்பும் கண்டு பொதி சுமந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பொருள் அத்தனையும் பறிபோயிற்று. வந்தவர்கள் உண்மையில் வேடர்கள் அல்லர். சிவபெருமானின் ஆணையால் அந்த உருவில் வந்த பூதகணங்கள். தம் தோழருக்குப் பிறர் கொடுப்பதைப் பொறாமல், தாமே கொடுக்க எண்ணி இறைவன் நடத்திய திருவிளையாடல் இது என்று பெரிய புராணம் கூறுகிறது.

பறிகொடுத்த சுந்தரர் அடுத்து என்ன செய்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. இது தம் பாவத்தின் பலன் என்று அவர் ஒடுங்கிவிடவில்லை; வெளியே சொன்னால் வெட்கம் என்று மறைக்கவும் இல்லை; ஓடிய வேடர்களைத் துரத்தவும் இல்லை. நேராகத் திருக்கோயிலுக்குச் சென்று, முருகநாதப் பெருமான் திருமுன் நின்று, வழிப்பறி நடக்கும் இந்த ஊரில் இறைவன் குடியிருப்பது எதற்காக என்று உரிமையோடு கேட்டுப் பதிகம் பாடினார். பறிபோன பொருள் முழுவதும் கோயில் வாயிலில் வந்து குவிந்தது.

அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் இன்றும் அந்தத் திருத்தலம் இருக்கிறது. அந்நாளில் பொதி சுமந்து நடந்த வழியில் இப்போது அடியார்கள் காரில் செல்கிறார்கள். திருடர்களின் முறையும் மாறிவிட்டது. வில்லும் அம்பும் வேண்டியதில்லை. நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துச் செல்ல ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

காரில் பை ஏன் தங்குகிறது?

கோயிலுக்கு வரும் காரில் பொருள் தங்குவதற்குக் காரணம் உண்டு. திருக்கோயில்களின் தூய்மையையும் அமைதியையும் காக்கும் பொருட்டு, கைபேசியை உள்ளே கொண்டு செல்லத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால், ‘உள்ளேதான் விடமாட்டார்களே’ என்று கைபேசியைக் காரிலேயே வைத்துவிடுகிறார்கள். அதனுடன் கைப்பையும் பணப்பையும் தங்கிவிடுகின்றன. பெரிய தலங்களில் வரிசையில் நின்று தரிசித்துத் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பது அடியார்களைப் போலவே திருடர்களுக்கும் தெரியும்.

தடை உள்ள பெரிய கோயில்களில் கைபேசிகளைப் பெற்றுக்கொண்டு சீட்டுத் தரும் பாதுகாப்பு அறை இருக்கும். அங்கு ஒப்படைப்பதே முறை. சிறிது நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தாலும், சன்னிதியில் நிற்கும்போது மனம் வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடாமல் இருக்கும். கண் மூலவரைப் பார்க்க, எண்ணம் காரின் பின் இருக்கையில் கிடக்குமானால், அந்தத் தரிசனத்தில் பாதியைத் திருடன் அப்போதே எடுத்துக்கொண்டான் என்று பொருள்.

புறப்படும் முன்

பரம்பரை நகைகள் யாத்திரைக்கு வேண்டியதில்லை. அன்றைய செலவுக்கு வேண்டிய பணம் போதும். வண்டியின் பதிவுச் சான்றிதழ், காப்பீடு ஆகியவற்றை டிஜிலாக்கர் வழியாகக் காட்டினால் ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே அசல் ஆவணங்களைக் காரில் வைக்கத் தேவையில்லை. வீட்டுச் சாவியும் வீட்டு முகவரி உள்ள தாளும் ஒரே பையில் இருப்பது மிகவும் ஆபத்தானது. அந்தப் பை பறிபோனால், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வழி சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

முதியவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள், மூக்குக் கண்ணாடி, மருத்துவர் எழுதிய சீட்டு ஆகியவைதாம் பெரும்பாலும் அந்தக் கைப்பையில் இருக்கும். ஒரு நாளைக்கு வேண்டிய மாத்திரைகளை இடுப்புப் பையிலோ சட்டைப் பையிலோ தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் தொலைபேசி எண்கள், சாப்பிடும் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருப்பதும் நல்லது. கைபேசி போனால் அதில் இருந்த எண்களும் போய்விடும். மனப்பாடமாக நினைவிருப்பவை இக்காலத்தில் மிகச் சில.

காரில் வைத்தே ஆக வேண்டிய பொருளை டிக்கியில் வைக்கலாம். ஆனால் அதை வழியிலேயே, கோயிலை அடையும் முன்பே செய்துவிட வேண்டும். நிறுத்துமிடத்தில் எல்லோரும் காண டிக்கியைத் திறந்து பையை உள்ளே வைப்பது, எங்கே இருக்கிறது என்று கைகாட்டிச் செல்வதற்கு ஒப்பாகும். இருக்கைமேல் வெறும் துணிப்பை கிடந்தாலும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எண்ணிக் கண்ணாடியை உடைப்பார்கள். சாவியின் பொத்தானை அழுத்தியதும் திரும்பி நடந்துவிடாமல், கதவின் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். வாடகைக் காராக இருந்தால், ஓட்டுநர் வண்டியருகே இருப்பாரா, உணவருந்தச் செல்வாரா என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

பேச்சுக் கொடுப்பவர்கள்

எல்லாத் திருடர்களும் கண்ணாடியை உடைப்பதில்லை; கவனத்தைத் திருப்பிக் காரியத்தை முடிப்பவர்களும் உண்டு. காரின் அருகே சில பத்து ரூபாய் நோட்டுகளைப் போட்டுவிட்டு, ‘ஐயா, உங்கள் பணம் விழுந்திருக்கிறது’ என்பார்கள். குனிந்து எடுப்பதற்குள் மறுபக்கக் கதவு திறந்து பை போய்விடும். ‘எண்ணெய் ஒழுகுகிறது’, ‘டயரில் காற்று இல்லை’ என்று சொல்வதும், சட்டையில் அசுத்தத்தைத் தெளித்துவிட்டுத் துடைக்க உதவுவதுபோல் வருவதும் இதே வகை. இன்னும் சிலர் காவலர் என்று சொல்லிக்கொண்டு, ‘முன்னே கொலை நடந்திருக்கிறது, நகையைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துப் பையில் வையுங்கள் அம்மா’ என்று அக்கறையோடு பேசுவார்கள். மடித்துக் கொடுத்த பொட்டலத்தை வீட்டில் பிரித்தால் கல் இருக்கும்.

இந்த வகைத் திருடர்கள் முதியவர்களின் நற்குணத்தையே பயன்படுத்துகிறார்கள். பெரியவர்கள் என்றால் யார் பேசினாலும் நின்று பதில் சொல்வார்கள், சீருடை என்றால் மதிப்பார்கள் என்பது அவர்களின் கணக்கு. பண்பை விட்டுவிட வேண்டியதில்லை. பதிலைக் காருக்குள் இருந்தபடியே சொல்லலாம். டயரில் காற்று இல்லை என்றால் மெதுவாக அடுத்த பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிச் சென்று பார்க்கலாம். இறங்கியே தீர வேண்டுமானால் நான்கு கதவுகளையும் பூட்டிவிட்டு இறங்க வேண்டும். உண்மையான காவலர் எவரும் நடுத்தெருவில் நகையைக் கழற்றித் தம் கையில் தரச் சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால், ‘காவல் நிலையத்துக்கே வருகிறோம்’ என்று கூறுவது போதும்.

கண்ணாடி உடைந்திருக்கக் கண்டால்

காருக்குள்ளோ அருகிலோ அந்நியர் ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருந்தால், நெருங்கவோ கையைப் பிடிக்கவோ கூடாது. சற்று விலகி, மனிதர்கள் கூடியிருக்கும் இடத்துக்குச் சென்று 112 அல்லது 100 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அவன் கையில் கண்ணாடி உடைத்த கருவி இருக்கும். அகப்பட்டுவிடுவோம் என்ற அச்சமும் இருக்கும். திருமங்கை மன்னர் வழிப்பறி செய்யப் போய் எம்பெருமானையே மறித்து, திருமந்திரம் பெற்று ஆழ்வாரான வரலாறு அடியார்களுக்குத் தெரியும். திருவரங்கத்தில் இராப்பத்து எட்டாம் நாளில் அது வேடுபறி உற்சவமாக நடைபெறுகிறது. கள்வனும் திருந்துவான் என்பதற்கு அது சான்று. ஆனால் அவனை நிறுத்தித் திருத்தியவன் எம்பெருமான். எழுபது வயதுப் பெரியவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியதில்லை. போன பொருளை மீண்டும் தேடலாம். இடுப்பு எலும்பு முறிந்தால் குடும்பமே தவிக்கும்.

கோயிலிலிருந்து திரும்புகிறவர்கள் வெறுங்காலுடன் இருப்பார்கள் என்பதையும் மறக்கலாகாது. காரின் பக்கக் கண்ணாடி உடைந்தால் சிறு சிறு துண்டுகளாகத் தரையெங்கும் சிதறும்; இருக்கையின் இடுக்குகளிலும் புகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் குத்தியதே தெரியாமல் போகலாம். பின்னர் அது ஆறாத புண்ணாகும். யாரேனும் செருப்பு எடுத்துத் தரும் வரை எட்டி நிற்க வேண்டும். காவலர் வந்து பார்க்கும் வரை கதவையும் உள்ளே இருப்பவற்றையும் தொடாமல், படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நிறுத்துமிடச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அருகில் உள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமராக்களைக் காவலருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். பழைய பதிவுகள்மேல் புதியவை பதிந்துகொண்டே போகும். நாள் கடந்தால் கிடைக்காது.

வங்கி அட்டை பறிபோயிருந்தால் உடனே வங்கியை அழைத்து முடக்க வேண்டும். கைபேசி போயிருந்தால் சிம் கார்டையும் முடக்க வேண்டும். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை மாற்றும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்கு இழப்பீடு கேட்கலாம். காருக்குள் இருந்த பைக்கும் நகைக்கும் சாதாரணமாக அது பொருந்தாது. வீட்டுச் சாவி போயிருந்தால், ஊரில் உள்ள உறவினரிடம் சொல்லி அன்றே பூட்டை மாற்றச் செய்ய வேண்டும்.

கேட்பது உரிமை

பறிகொடுத்த முதியவர்களில் பலர் புகார் கொடுப்பதில்லை. வெளியூர், மொழி தெரியாத இடம், காவல் நிலையத்துக்கு எத்தனை முறை அலைவது என்ற தயக்கம் ஒருபுறம். பிள்ளைகள் அறிந்தால் இனி எங்கும் தனியே அனுப்பமாட்டார்கள் என்ற அச்சம் ஒருபுறம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இந்தத் தயக்கத்துக்கு விடை தருகிறது. குற்றம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஆகவே அடுத்த தலத்துக்குச் சென்ற பிறகோ சொந்த ஊர் திரும்பிய பிறகோகூடப் புகார் அளிக்க வழி உண்டு; உடனே கொடுப்பது மேலானது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். பறிபோன ஒவ்வொரு பொருளையும் நிதானமாக வரிசைப்படுத்தி எழுதுவது, திருடன் பிடிபடும் நாளில் தம் பொருளைத் தமதென்று காட்ட உதவும்.

எல்லாவற்றையும்விட ஆழமான காயம் மனத்தில் விழுவது. ‘சுவாமி தரிசனத்துக்கு வந்த இடத்தில் இப்படி நேர்ந்ததே, என்ன குறை வைத்தோமோ’ என்று சிலர் மறுகுகிறார்கள். அபசகுனம் என்று யாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். பரிகாரம் தேடி அலைகிறார்கள். ‘நீதானே பையை அங்கே வைத்தாய்’ என்று ஐம்பது ஆண்டு இணைந்து வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் நோகடித்துக்கொள்கிறார்கள். தம்பிரான் தோழரிடமே வழிப்பறி நடந்தது. அவர் செய்த பூசையில் குறை இருந்ததென்று எவரும் சொன்னதில்லை. திருட்டு, திருடியவனின் குற்றம்; பறிகொடுத்தவரின் பாவம் அன்று.

பிள்ளைகளும் இதை உணர்தல் வேண்டும். செய்தி கேட்டவுடன் ‘ஏன் போனீர்கள்’ என்று தொடங்காமல், ‘உடம்புக்கு ஒன்றுமில்லையே, மாத்திரை இருக்கிறதா’ என்று கேட்டால், பெற்றோர் அடுத்த முறை எதையும் மறைக்கமாட்டார்கள். புகார் எழுதுவதிலும், வங்கிக்கு அழைப்பதிலும், மாற்றுக் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்வதிலும் அவர்களின் கைதான் முதலில் நீள வேண்டும்.

காவலைத் தளர்த்தாமல் புறப்படுவதும், பறிபோனால் கூசாமல் கேட்பதும் பக்திக்குப் புறம்பானவை அல்ல. உடைந்த கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து யாத்திரையைத் தொடரலாம். அடுத்த தலத்தில் பெருமான் காத்திருக்கிறார்.