தகரப் பெட்டிக் காசை எப்படி விற்பது?

"பழைய காசு கொஞ்சம் வீட்டில கிடக்கு, விற்கலாமோ?" என்று யாராவது கேட்டால் எங்கள் சூழலில் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "விட்டிடாதேங்கோ, உது லட்சக்கணக்கில போகும்." மற்றது, "விற்கவே கூடாது, அது எங்கட வரலாறு." முதல் பதிலைச் சொல்கிறவர் பெரும்பாலும் யூடியூப் பார்த்தவர். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எங்களைப் போலக் கலைப்பீடத்தில் படிக்கிறவர்கள். காசை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற மனிசருக்கு இந்த இரண்டு பதிலும் உதவாது. விற்கலாம், தாராளமாக விற்கலாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் எதை, யாரிடம், எந்த ஒழுங்கில் என்று தெரிந்துகொண்டு விற்க வேண்டும்.

இதைப் பற்றி நாங்கள் யோசிக்கத் தொடங்கியது ஒரு பெட்டியால்தான். எங்கள் தோழி ஒருத்தியின் அம்மப்பா தபாலதிபராக இருந்தவர். கந்தோர் மேசைக்கு வந்த வித்தியாசமான காசுகளைத் தன் கைக்காசைப் போட்டு மாற்றி எடுத்துச் சேர்த்தவர். 1995 இடப்பெயர்வில் புத்தகங்களும் அல்பங்களும் வீட்டோடு போய்விட்டன. காசு இருந்த பிஸ்கட் தகரம் மட்டும் சைக்கிள் கரியரில் சாவகச்சேரிக்கும் பிறகு வன்னிக்கும் போய்த் திரும்பி வந்தது. இப்போது அம்மப்பா இல்லை. கனடாவில் இருக்கிற மாமாமாருக்கு அது வேண்டாம். அம்மாவுக்கும் அதில் நாட்டமில்லை. "வரலாறு எண்டு எனக்கும் விளங்குது பிள்ளையள். மாரிக்கு முதல் ஓடு மாத்தோணும்" என்றார். அதற்குப் பிறகு "விற்காதேங்கோ அன்ரி" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து நானூற்றுச் சொச்சம் காசையும் தரம் பிரித்தோம். நாங்கள் கீழே எழுதுவது பெரும்பாலும் அந்தத் தரம்பிரிப்பிலிருந்து வந்தது.

முதலில் விடவேண்டிய எண்ணம், பழசென்றால் விலை கூட என்பது. ஒரு நாணயத்தின் விலையை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், காசு எந்த நிலையில் இருக்கிறது. இலங்கையில் நிலத்துக்கடியிலிருந்து கிடைக்கும் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோமச் சிறு செப்புக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். ஆனால் ஏராளமாக அடிக்கப்பட்டவை என்பதால், தேய்ந்துபோனவற்றுக்குச் சந்தையில் பெரிய மதிப்பில்லை. முதலாம் இராசராசன் பெயரோடு வரும், ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் இருக்கும் உருவமும் உள்ள செப்புக் காசும் அப்படித்தான். மறுபக்கம், 1870 என்று பொறித்த விக்டோரியா மகாராணியின் ஒரு சதம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் ஒரு விலை, அச்சடித்த மினுக்கம் போகாமல் இருந்தால் அதைவிடப் பல மடங்கு.

இதனால்தான் ஒரு வேண்டுகோள்: விற்க முன்னம் காசைக் கழுவ வேண்டாம். புளி, தேசிக்காய், சாம்பல், பித்தளை மினுக்கிற திரவம் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்கிற வேலையைக் காசுக்குச் செய்தால், சேகரிப்பவர் தேடுகிற மேற்பரப்பே உரிந்துபோகும். ஊத்தையாக இருக்கிற காசை அப்படியே கொடுங்கள்.

லட்சக்கணக்கில் போகும் என்கிற வீடியோக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த இந்தியக் காசு இருந்தால் பணக்காரர் ஆகலாம் என்ற கதை தமிழ்நாட்டு வீடியோக்கள் வழியாக எங்கள் கைபேசிக்கும் வந்தது. அது 2012இல் வெளியான காசு. இப்படிப்பட்ட விளம்பரங்களின் முடிவில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கும். எடுத்தால் முதலில் "பதிவுக் கட்டணம்" கேட்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021இல் பொதுமக்களை எச்சரித்தது. உங்கள் காசை வாங்குகிறவர் உங்களிடம் காசு கேட்டால், கதையை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனித் தரம்பிரிப்பு. நாங்கள் நாலு குவியலாகப் பிரித்தோம்.

முதலாவது, அண்மைக்காலக் காசுகள். பெட்டியில் முக்கால்வாசி இதுதான். 1976 அணிசேரா மாநாட்டு 2 ரூபா, 5 ரூபா, 1998 சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த இரட்டை உலோகப் 10 ரூபா, 2013ஆம் ஆண்டைப் பொறித்த மாவட்டப் 10 ரூபாக்கள். பார்க்க வடிவானவை, ஆனால் நிறைய வெளியானவை. கைமாறித் தேய்ந்த ஒன்றைத் தனியாக விற்க மினக்கெட்டால் பஸ் காசுக்கும் காணாது. இவற்றைத் தொகுதியாக்கித்தான் விற்க வேண்டும். மாவட்டக் காசு மொத்தம் 25. இருபத்தைந்தும் இருந்தால் அது ஒரு தொகுதி. இருபத்திமூன்று இருந்தால், விடுபட்ட இரண்டைத் தேடி எடுத்துவிட்டு விற்பது நல்லது.

இரண்டாவது, வெள்ளி. கூரைக்கு ஓடு வரப்போவது இந்தக் குவியலில்தான். பிரித்தானியர் காலத்தில் இலங்கையில் வெள்ளி ரூபாக் காசாகப் புழங்கியது இந்திய ரூபா. அதனால்தான் எங்கட வீடுகளில் அது கிடக்கிறது. அதன் நிறை 11.66 கிராம். 1939 வரையானவற்றில் 91.7 வீதம் வெள்ளி. 1940இலிருந்து பாதிதான் வெள்ளி. 1947இல் வந்தது நிக்கல். இலங்கை 50 சதம் 5.83 கிராம். 1917 வரை 80 வீதம் வெள்ளி, 1919இலிருந்து 1942 வரை 55 வீதம். 1957இல் புத்த ஜயந்திக்கு வெளியான 5 ரூபா கிட்டத்தட்ட 28 கிராம், அதில் 92.5 வீதம் வெள்ளி. அதே நிகழ்வுக்கு வந்த 1 ரூபா வெள்ளி அல்ல, குழம்ப வேண்டாம்.

இந்த எண்களை ஏன் எழுதுகிறோம் என்றால், கணக்கு ஒரு பெருக்கல்தான். நிறையை வீதத்தால் பெருக்கி, அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உலோகப் பெறுமதி கிடைக்கும். அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரும் தெரியாமல் போகிறவரும் ஒரே விலையோடு திரும்புவதில்லை. கஸ்தூரியார் வீதியிலோ கொழும்புச் செட்டியார் தெருவிலோ நகைக்கடைக்காரர் உருக்குகிற கணக்கில்தான் வாங்குவார், கழிவும் வெட்டுவார். அது அவருடைய தொழில். ஆகவே முகம் தெரியாத அளவுக்குத் தேய்ந்த வெள்ளியை மட்டும் அங்கே கொண்டுபோங்கள். 1957ஆம் ஆண்டு 5 ரூபாவையும் எழுத்துத் தெளிவாக உள்ள ரூபாக்களையும் சேகரிப்பவரிடம் கொடுங்கள். உருக்கினால் கிடைப்பதற்கு மேலே தர விருப்பமுள்ளவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது, வெள்ளியும் இல்லை, மிக அண்மையதும் இல்லை, ஆனால் தேடுகிறவர்கள் இருக்கிற காசுகள்: 1870இலிருந்து வந்த செப்புச் சதங்கள், 1909இல் தொடங்கிய சதுர 5 சதம், 1944இன் பூவிதழ் விளிம்பு 2 சதம். இவற்றுக்குப் பொறுமை வேண்டும். முகநூல் குழுக்கள், இணைய விளம்பரங்கள், சேகரிப்பவர்கள் கூடும் சந்திப்புகள் எல்லாம் பயன்படும். இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள், நிறையை எழுதுங்கள். "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று முதல் வரியிலேயே கேட்கிறவருக்கு உடனே பதில் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும் ஒரே விலைக்கு ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டால் என்ன? நேரமில்லாதவர்களுக்கு அதில் பிழையில்லை. வியாபாரி குறைத்துத்தான் கேட்பார், ஏனென்றால் விலைபோகாத முக்கால்வாசியையும் அவர்தான் வைத்திருக்க வேண்டும். அதைக் களவு என்று சொல்ல மாட்டோம். ஆனால் நல்ல பத்தைப் பொறுக்கிக்கொண்டு, "மிச்சம் உங்களிட்டயே கிடக்கட்டும்" என்கிற பேரத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். முழுதாக விலை கேட்டால் முழுதையும் எடுக்கட்டும். இரண்டு மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். காட்டுவதற்கு முதல் நீங்கள் ஒரு பட்டியல் எழுதி வைத்திருங்கள்.

நாலாவது குவியல் சிறியது. அம்மப்பாவின் தகரத்தில் ஒன்பது காசுகள். ஒல்லாந்துக் கம்பனியின் முத்திரை பொறித்த மூன்று துட்டுகள், ஐந்து இராசராசன் காசுகள், ஒரு சேதுக் காசு. இடபமும் "சேது" என்ற தமிழ் எழுத்துகளும் உள்ள, யாழ்ப்பாண அரசின் ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசு அது. சேதுக் காசு மட்டும் ஒரு பழைய கடித உறைக்குள் இருந்தது. உறையில் அம்மப்பாவின் கையெழுத்து: "பூநகரி, தோட்டக் கிணறு வெட்டேக்க."

இங்கே சட்டம் வருகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கண்டி உடன்படிக்கையின் திகதி அது. அந்தப் பட்டியலில் நாணயங்களும் உண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விடுமுறைக்கு வந்த மாமாவின் கைப்பையில் போட்டு அனுப்புவதும் ஏற்றுமதிதான். பண்பாட்டுச் சொத்துகளை உள்நாட்டில் வியாபாரம் செய்வதற்கும் 1988இன் 73ஆம் இலக்கச் சட்டத்தில் உரிமமுறை இருக்கிறது. நிலம் எங்களுடையது என்பதால் மட்டும் அதற்குள் கிடைத்த தொல்பொருள் எங்களுடையதாகிவிடாது. ஆகவே இந்தக் குவியலை விளம்பரத்தில் போட முதல் தொல்பொருளியல் திணைக்களத்திடமோ பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்களிடமோ கேட்டேயாக வேண்டும்.

ஆனால் சட்டத்தை விட எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. நாங்கள் போவதற்கு முதல் பெட்டியைப் பார்த்த வியாபாரி ஒருவர், சேதுக் காசுக்குச் சொன்ன விலையில் ஒரு கொத்துரொட்டி வாங்கலாம். அந்தக் கடித உறையை அவர் திரும்பியும் பார்க்கவில்லையாம். வியாபாரிக்கு உறை தேவையில்லை. ஆய்வாளருக்கோ உறைதான் முக்கியம். எங்கே கிடைத்தது என்று தெரிந்த சேதுக் காசு, அந்த ஊரில் எப்போது, யாருடைய காசு புழங்கியது என்று சொல்லும். இடம் தெரியாத அதே காசு சொல்வது மிகக் குறைவு. விற்கும்போது இந்தத் தகவலுக்கு யாரும் விலை தருவதில்லை. அதனால்தான் யாரும் எழுதி வைப்பதும் இல்லை.

இப்போது முதலில் சொன்ன இரண்டு பதில்களுக்கும் வருவோம். அந்தத் தகரத்தில் கூரைக்கான காசும் வரலாறும் ஒரே குவியலில் இருக்கவில்லை. கூரைக்கான காசு இரண்டாம், மூன்றாம் குவியல்களில். வரலாறு, விலை போகாத ஒன்பது செப்புக் காசுகளிலும் ஒரு கடித உறையிலும். ஒன்பதையும் எடுத்து வைத்துவிட்டு மற்றதை விற்றால் அம்மாவுக்குக் குறைவது சொற்பம். எல்லாப் பெட்டியும் இப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்காமல் "விற்காதே" என்பதும், பிரித்துப் பார்க்காமல் நிறுத்து விற்பதும் ஒரே அளவு பிழை.

சிலர் கேட்கலாம்: "அரசாங்கத்திட்ட காட்டினா திரும்பி வருமோ? கொழும்புக்குப் போயிடாதோ? பொலிஸ் வீட்டுக்கு வராதோ?" இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ள நாங்கள் தயாரில்லை. இவ்வளவு இழந்த ஒரு சமூகத்துக்கு அது வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்தின் பலனை அனுபவிப்பது வாசலுக்கு வரும் பழைய இரும்பு வியாபாரிதான். பயத்தைக் குறைக்க வேண்டியது நிறுவனங்களின் பொறுப்பு. நல்லூர் நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் துறையும் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள், மக்கள் தங்கள் காசுகளைக் கொண்டுவந்து காட்டி, நிறுத்து, படமெடுத்து, கிடைத்த ஊரைப் பதிந்துவிட்டுப் போகிற ஒரு நாளை ஏன் வைக்கக் கூடாது? கொடுக்க விரும்புகிறவருக்கு அந்த இடத்திலேயே றசீது, காட்சிப்பெட்டியில் கொடுத்தவரின் பெயர். ஊரைப் பதிந்தால் புதையல் தேடுகிறவர்கள் மண்வெட்டியோடு போவார்களே என்றால், ஊர்ப்பெயர் மட்டும் வெளியில், காணி விபரம் ஆய்வாளரிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியொரு நாள் வரும் வரைக்கும் கலைப்பீட மாணவர்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஒழுங்கையில் யாராவது வீட்டைக் காலி செய்கிறார்கள், பெட்டகத்தைத் துப்புரவாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஒரு தராசு, ஒரு அடிமட்டம், ஒரு கொப்பியோடு போங்கள். விற்க வேண்டாம் என்று சொல்லப் போகாதீர்கள், நல்ல விலைக்கு விற்க உதவப் போங்கள். தரம் பிரிக்கும்போது, "இது எங்க கிடைச்சது எண்டு ஞாபகம் இருக்கோ அன்ரி?" என்று ஒவ்வொரு பழைய காசுக்கும் கேட்டு எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.