குடும்பத்துக்கென்று தனி இணையதளம்: 'ஃப்ரீ' என்ற சொல்லை நம்பலாமா?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா கேட்டார்: "தாத்தா பேசி அனுப்புன வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு இருக்குமே, அதைக் கொஞ்சம் போடேன்."

குடும்ப குரூப்பில் எப்போதோ வந்தது. நான் அதற்குப் பிறகு இரண்டு போன் மாற்றிவிட்டேன். தம்பி 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று எல்லாவற்றையும் அழித்திருந்தான். முப்பத்தெட்டு பேர் இருக்கும் குரூப்பில் ஒருவரிடமும் அது இல்லை. தாத்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது.

அன்று ராத்திரியே சித்தப்பா பையன் ஆரம்பித்துவிட்டான். "நமக்குன்னு ஒரு பிரைவேட் சைட் போட்டுடலாம்ணா. சாஃப்ட்வேர் எல்லாமே ஃப்ரீயா கிடைக்குது." அவன் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

'ஃப்ரீ' என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு நிறுவனம் தன் சர்வரில் நமக்குச் சும்மா இடம் தருவது. நிங் என்ற சேவையில் யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சமூக வலைத்தளம் தொடங்கலாம் என்று இருந்தது. 2010-ல் இலவசத் திட்டத்தை நிறுத்தினார்கள். பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸில் சேர்ந்திருந்த பழைய பதிவுகளையும் படங்களையும் 2019 டிசம்பரில் நீக்கினார்கள். அடுத்த வருடம் சேவையே போய்விட்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இடம் அவர்களுடையது, அவ்வளவுதான்.

இன்னொன்று கட்டற்ற மென்பொருள். வேர்ட்பிரஸ், பிஎச்பிபிபி, ஹம்ஹப், டிஸ்கோர்ஸ், வெப்ட்ரீஸ் எல்லாம் இந்த வகை. மென்பொருளுக்குக் காசு இல்லை, மூலநிரலும் நம் கையில். ஆனால் அதை நிறுவ ஹோஸ்டிங் வேண்டும், டொமைன் வேண்டும். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பதிலுக்கு, ஹோஸ்டிங் கம்பெனி சரியில்லை என்றால் மொத்தத்தையும் மூட்டை கட்டி வேறு இடத்துக்குப் போகலாம். குடும்பத்துக்கு இதுதான் சரி என்பேன். (வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை, அதே பெயரில் கிடைக்கும் மென்பொருள் வேறு. இந்தக் குழப்பத்தில் விழாதவர் குறைவு.)

சரி, எதை எடுப்பது? தம்பிமார்களின் கண் முதலில் ஹம்ஹப், பட்டிபிரஸ் மாதிரியானவற்றில்தான் போகும். டைம்லைன், லைக், நோட்டிஃபிகேஷன் எல்லாம் இருக்கும். பார்க்கக் குட்டி ஃபேஸ்புக் மாதிரி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குடும்பம் அரட்டை அடிக்க ஏற்கெனவே ஒரு குரூப் இருக்கிறது. 'குட் மார்னிங்' படத்தை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியாது. நம்மிடம் இல்லாதது, வீட்டுப் பத்திரங்களையும் கல்யாண ஆல்பத்தையும் போட்டு வைக்கும் அந்த டிரங்குப் பெட்டி. டிஸ்கோர்ஸ் அருமையான மென்பொருள்தான். ஆனால் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஓடாது. குறைந்தது 1 ஜிபி ராம் உள்ள தனி சர்வர் கேட்கும். அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். முப்பத்தெட்டு பேருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

எழுத்து, படம், ஒலி சேர்த்து வைக்க வேர்ட்பிரஸ் போதும். வம்சாவளிதான் முக்கியம் என்றால் வெப்ட்ரீஸ். இதில் ஒரு வேடிக்கை: இத்தகைய மென்பொருள்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்துக்கொள்கின்றன. நமக்கோ இனிஷியல். நல்லவேளை, வெப்ட்ரீஸில் குடும்பப் பெயர் மரபு 'இல்லை' என்றே அமைத்துக்கொள்ளலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கல்யாணம் நடந்த வீடுகளில் மரம் வரையப் போனால் அது வலையாகிவிடும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

'பிரைவேட்' என்பதில்தான் பெரிய ஓட்டை. வேர்ட்பிரஸில் 'தேடுபொறிகள் வர வேண்டாம்' என்று ஒரு டிக் உண்டு. அது பூட்டு அல்ல, 'உள்ளே வராதீர்' போர்டு. மதிக்கிறவர்கள் மதிப்பார்கள். லாகின் செய்தால்தான் திறக்கும் பிளகின் போட்டாலும், பெரும்பாலும் பக்கம்தான் பூட்டப்படும். ஏற்றிய படத்தின் நேரடி முகவரி தெரிந்தால் யாரும் பார்க்கலாம். பாப்பா குளிக்கிற போட்டோவை ஏற்றும் முன் இதை யோசியுங்கள். ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலில் தளம் இருக்கும் மொத்த ஃபோல்டருக்குமே ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடலாம். படமும் சேர்ந்து பூட்டப்படும். பெரியம்மாவுக்கும் சுலபம்: ஒருமுறை போட்டால் போன் நினைவில் வைத்துக்கொள்ளும்.

பிறந்த தேதிகளிலும் கை வையுங்கள். இ-ஆதார் பிடிஎஃப் கோப்பின் பாஸ்வேர்டே பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும்தான். முழுப்பெயரும் பிறந்த வருடமும் வரிசையாக எழுதி வைத்த பக்கம், திருடனுக்குச் சாவிக்கொத்து. உயிரோடிருப்பவர்களின் விவரங்களை வெளியாட்களுக்கு மறைக்கும் வசதி வெப்ட்ரீஸில் உண்டு; வேர்ட்பிரஸில் நாமேதான் எழுதாமல் இருக்க வேண்டும்.

கடைசியாக, யார் பார்த்துக்கொள்வது? எங்கள் வீட்டில் இதற்குத்தான் சண்டை வந்தது. சித்தப்பா பையன் டொமைனைத் தன் பெயரில், தன் கார்டில் வாங்கப் பார்த்தான். நாளைக்கு அவன் கனடா போய்விட்டால்? கார்டு காலாவதியானால்? ரினியூவல் நினைவூட்டல் அவன் பார்க்காத பழைய மெயிலுக்குப் போகும். தளம் ஒரு நாள் காணாமல் போகும். கடைசியில் தளத்துக்கென்று தனி மெயில் ஐடி, அதன் பாஸ்வேர்டு இரண்டு வீட்டில் நோட்டுப் புத்தகத்தில் என்று முடிவானது. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்கில் இறக்குகிறோம். வேர்ட்பிரஸின் 'எக்ஸ்போர்ட்' பட்டனை மட்டும் நம்பாதீர்கள். அதில் எழுத்து வரும், படங்களின் இணைப்பு வரும், படங்கள் வராது. டேட்டாபேஸும் அப்லோட்ஸ் ஃபோல்டரும் தனியாக எடுக்க வேண்டும்.

தளம் இப்போது ஓடுகிறது. பெரியம்மா வாரம் ஒருமுறை ஏதாவது பேசி அனுப்புகிறார், அண்ணன் மகள் ஏற்றிவிடுகிறாள். தாத்தாவின் குரல் இன்னும் கிடைக்கவில்லை. மதுரை அத்தையின் பழைய போன் ஒன்று சார்ஜ் ஏறாமல் பீரோவில் கிடக்கிறதாம். இந்த மாதம் அதை சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகிறோம்.