வெலிங்டன் வரை ஒரு எழுத்துப் பிழை

தென்காசிப் பக்கம் குற்றாலிங்கம், இசக்கியம்மாள் என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ராணுவ வீரரின் பெயரையும் மனைவி பெயரையும் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய ராணுவ எழுத்தர் ஓர் எழுத்தைக் கூட்டியிருப்பார், குறைத்திருப்பார். கணவர் இருக்கும்வரை அந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. அவர் கண்மூடியதும் குடும்ப ஓய்வூதியம் கேட்கும் மனைவியை வந்து மறிக்கும். ஆதாரில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இன்னொரு பெயர். பிறகு நோட்டரி பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், ஆவண அலுவலகத்துக்கு மனு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனில். பிறந்த தேதியிலும் இதே கதைதான். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே.சிங்கே தம் பிறந்த ஆண்டு 1950 அல்ல, 1951 என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2012-இல் மனுவைத் திரும்பப் பெற்றார். அவருக்கே அந்தப் பாடு என்றால், செங்கோட்டையில் தனியாக இருக்கும் முதிய விதவை என்ன செய்வார்? பிழை செய்தது அலுவலகம். நிரூபிக்கும் சுமை அவர் தலையில். இது நியாயமே இல்லை. ஓய்வுபெற்ற வீரர் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தருகிறார் அல்லவா, அப்போதே அலுவலகம் மனைவி பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுத் திருத்திக் கொடுக்கட்டும். அதற்கான முகாமைக் குற்றாலத்திலேயே நடத்தலாம். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பஸ் இருக்கிறது.